இறக்கின ஸ்விஃப்டுக்கு எந்த வீல்: 15, 16, 17 இன்ச்

"அண்ணே, 17 போட்டாத்தேன் இறக்குனதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். இல்லாட்டி வீல் ஆர்ச்சு ஓன்னு தெரியும்." மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு டயர் கடைப் பையன் இப்படிச் சொன்னபோது நானும் தலையாட்டினேன். இரண்டு வருஷம் 17 ஓட்டிய பிறகுதான் அந்தப் பேச்சில் கணக்கே இல்லை என்று உறைத்தது.

வண்டி மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட். கம்பெனி டயர் 185/65 ஆர்15: அகலம் 185 மி.மீ., பக்கச் சுவர் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச். தரையிலிருந்து அடிப்பாகம் வரை 163 மி.மீ. 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டதில் மிச்சம் 133. வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்திய சாலை காங்கிரஸ் விதி வைத்திருக்கிறது. நம்ம தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டும் மேட்டுக்கு அந்த விதியெல்லாம் தெரியாது.

முதலில் அந்த கேப் விஷயம். டயருக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் தகடு) நடுவே தெரியும் இடைவெளியை அடைப்பது ரிம் இல்லை, டயரோடு சேர்ந்த மொத்த விட்டம். கம்பெனி டயரின் விட்டம் 621.5 மி.மீ. ஸ்விஃப்டுக்குச் சரிவரும் மூன்றையும் போட்டுப் பாருங்கள்: 195/60 ஆர்15 என்றால் 615, 195/55 ஆர்16 என்றால் 621, 205/45 ஆர்17 என்றால் 616. பதினேழுக்குப் போனால் கேப் குறையாது, இரண்டு மூன்று மி.மீ. கூடத்தான் செய்யும். மாறுவது டயரின் பக்கச் சுவர் உயரம். கம்பெனி டயரில் 120 மி.மீ. ரப்பர் நின்ற இடத்தில் 15க்கு 117, 16க்கு 107, 17க்கு வெறும் 92.

சாதா வண்டியில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இறக்கின வண்டியில் அப்படி விட முடியாது. ஸ்பிரிங் அமுங்க இருந்த இடத்தில் 30 மி.மீ. ஏற்கெனவே போச்சு. 17 போட்டால் டயரிலும் 28 மி.மீ. போச்சு. பள்ளத்தில் விழுந்தால் அடியை வாங்க மிச்சம் இருப்பது ரிம்மும் நம்ம இடுப்பும்தான்.

எனக்கு அதுதான் நடந்தது. 7.3 கி.மீ. நத்தம் பறக்கும் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பும் டக் டக்கென்று முதுகுத்தண்டில் எண்ணிக்கை போடும், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஐப்பசி மழையில் ஒருநாள், பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருவில் தண்ணீர் நின்ற பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுநாள் காற்று அடிக்கப் போனபோது பஞ்சர் கடைக்காரர்தான் காட்டினார்: முன் டயரின் உள்பக்கம் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூல் அறுந்தால் இப்படித்தான் புடைக்கும். ஒட்ட முடியாது, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரிம்மும் லேசாக வளைந்திருந்தது.

17 போட்டே தீருவேன் என்பவர்கள் டயரில் லோடு எண்ணையாவது பாருங்கள். கம்பெனி டயர் 88, அதாவது ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 205/45 ஆர்17 சாதாவில் 84 வரும், 500 கிலோதான். எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும் டயர்) என்று போட்ட 88 கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு வலை 195/50 ஆர்16. கடையில் மீந்து கிடக்கும், "செட்டா முடிச்சுத் தர்றேன்" என்பார்கள். விட்டம் 601 மி.மீ. வண்டி இன்னும் 10 மி.மீ. இறங்கும், கேப்போ 10 மி.மீ. கூடும். மீட்டர் 103 காட்டும்போது நிஜத்தில் 100தான் போவீர்கள். வேண்டவே வேண்டாம்.

உரசலுக்கு இன்ச்சைவிட முக்கியம் ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் ஒட்டும் முகம் வரை எத்தனை மி.மீ. என்ற கணக்கு; அது குறைந்தால் சக்கரம் வெளியே வரும். கடைக்காரர்கள் இதைப் பேசுவதே இல்லை. கணக்குக்கு 6 ஜே (அதாவது 6 இன்ச்) அகலம், 45 ஆஃப்செட் உள்ள ரிம் ஒன்றை வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றிவிட்டு என் பழைய 17ஐப் போல 7 ஜே, 35 ஆஃப்செட் மாட்டினால் ரிம்மின் வெளி விளிம்பு ஏறக்குறைய 23 மி.மீ. வெளியே வரும். பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் பின்சீட்டில் ஆள் ஏறியதும் ஃபெண்டரின் மடிப்பு டயரைச் சீவும். அதே இடத்தில் 6.5 ஜே, 40 ஆஃப்செட் என்றால் வெளியே 11, உள்ளே 1 மி.மீ.தான். ஃபெண்டரைத் தட்டி மடிக்கும் வேலையே வராது.

அதனால் என் ஓட்டு 16க்கு: 195/55, 6.5 ஜே, ஆஃப்செட் 40. விட்டம் கம்பெனி கணக்கு, மீட்டர் பொய் சொல்லாது, ஆர்ச்சும் நிறைவாகத் தெரியும். ஆனால் வாரம் ஒருமுறை உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போகிற ஆள், வீட்டில் நாலைந்து பேர் என்றால் 15லேயே நின்று 195/60 போடுங்கள். மூன்று மி.மீ. உயரம் குறையும், பள்ளத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 15ல் அழகான ரிம் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், அது ஒன்றுதான் குறை.

எதை எடுத்தாலும் பிசிடி 4x100, அதாவது 100 மி.மீ. விட்ட வட்டத்தில் நாலு போல்ட். நடு ஓட்டை 54.1 மி.மீ. வெளியே வாங்கும் அலாய் ரிம்மில் அது 67 அல்லது 73 என்று பெரிதாக இருக்கும், அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் கேளுங்கள். இல்லாவிட்டால் திருமங்கலம் நாலுவழிச் சாலையில் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங்கைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். இறக்கியதும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயரின் உள் ஓரம் முதலில் தேயும். அப்புறம், ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. இன்சூரன்ஸ் கிளெய்ம் நேரத்தில் இந்தப் பேச்சு வரும், தெரிந்தே செய்யுங்கள்.

மாட்டி முடித்ததும் கடை வாசலில் ஒரு வட்டம் அடித்துவிட்டுப் பணம் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அலைன்மென்ட் பார்க்கிற பெரியவர் சொன்னது: "தம்பி, நேரா போறப்ப ஒரசாது. நாலு பேர ஏத்திக்கிட்டு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு, ஸ்பீட் பிரேக்கர்ல குறுக்கால ஏறுங்க. அப்பத்தேன் தெரியும்." போவதற்கு முன் ஃபெண்டர் மடிப்பின் உள்பக்கமும் முன்னால் பிளாஸ்டிக் லைனரிலும் சாக்பீஸைத் தேய்த்து விடச் சொன்னார். திரும்பி வந்து எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

என் 16ல் வலது பின் சக்கரத்து மடிப்பில் மட்டும் விரல் நகம் அகலத்துக்கு அழிந்திருந்தது. அன்றைக்குப் பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை.