ஏர் பெட் போட்டாச்சு, அப்புறம்? நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பக்கவாதம், முதுகுத்தண்டு அடி, இடுப்பெலும்பு முறிவு என்று படுத்த படுக்கையாகி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வருபவர்களுக்கு டிஸ்சார்ஜ் சமயத்தில் வாய்வார்த்தையாகக் கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு: "ஏர் பெட் ஒண்ணு வாங்கிப் போட்ருங்க." திருப்பூர், நாமக்கல்லிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டதால் கோவைக்கும் சேலத்துக்கும் ஓடும் தூரம் பலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளும் வேலை எங்கே இருந்தாலும் அதேதான். ஒரே இடம் நசுங்கிப் படுக்கைப்புண் வராமலிருக்க, பம்ப் வைத்துக் காற்றை மாற்றி மாற்றி ஏற்றும் படுக்கைதான் ஏர் பெட். அந்த வேலையில் அது எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதுதான் இங்கே.

முதலில் வாங்கும் விஷயம். கடைகளில் இரண்டு வகை. ஒன்று 'பபிள்' வகை: ஒரே பிவிசி தாளில் நூற்றுச் சொச்சம் குமிழ்கள், சின்ன பம்ப், பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இன்னொன்று குழாய் வகை: குறுக்கே தனித்தனிக் காற்றுக் குழாய்கள், நான்கைந்து அங்குல உயரம், விலை பல மடங்கு. ஒரு குழாய் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். படுக்கைப்புண் இன்னும் வராத, ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள நோயாளிக்குப் பபிள் வகையே போதும். புண் ஆழமாகிவிட்டவருக்கும் எடை அதிகமானவருக்கும் குழாய் வகைதான். அங்கே மிச்சம் பிடிக்கிறேன் என்று பபிள் வாங்குவது வீண் செலவு. வாட்டர் பெட் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அது அழுத்தத்தை மாற்றி மாற்றித் தராது, நிரப்பிய பின் நகர்த்தவும் முடியாது. இருந்தால் பயன்படுத்தலாம், புதிதாக வாங்க வேண்டியதில்லை.

வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் கோளாறு தானாகப் பிடிபடும். குமிழ்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கும். பம்ப்பிலிருந்து வரும் இரண்டு குழாயும் ஆளுக்கொரு அணிக்கு. ஒரு அணி உப்பும்போது மற்றது தளரும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு சுற்று. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே நசுங்கும் தோலுக்கு அந்தத் தளர்வில்தான் ரத்தம் திரும்ப ஓடும். ஆகவே இரண்டு அணியும் மாறுகிறதா என்பதே முதல் சோதனை. ஒரு குமிழில் பேனாவால் புள்ளி வையுங்கள். ஆறேழு நிமிடம் கழித்து அழுத்திப் பாருங்கள். கல்லாக இருந்தது தளர்ந்திருக்க வேண்டும், தளர்ந்திருந்தது உப்பியிருக்க வேண்டும். பம்ப் உறுமுகிறது, ஆனால் எப்போதும் ஒரே அணிதான் உப்புகிறது என்றால் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் சின்ன மோட்டார் போய்விட்டது என்று அர்த்தம். சத்தம் வருகிறதே, ஓடுகிறதே என்று நாள்கணக்கில் விட்டுவிடுவார்கள். அப்படி ஓடும் ஏர் பெட்டில் படுத்திருப்பதும் சும்மா மெத்தையில் படுத்திருப்பதும் ஒன்றுதான்.

போடும்போது நான்கு அங்குல ஃபோம் அல்லது இலவம்பஞ்சு மெத்தை அடியில் இருக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலின் மேல் நேராக விரித்தால் நடுவில் தொய்ந்து, இடுப்பு இருக்கும் இடத்தில் குமிழ்கள் முழுக்கச் சப்பையாகும். குமிழ் பக்கம் மேலே, இரண்டு முனையிலும் உள்ள நீட்டுத் தாள் மெத்தைக்கு அடியில், குழாய்கள் கால்மாட்டில். பம்ப்பைக் கால்மாட்டுச் சட்டத்தில் மாட்டி, நடுவே ஒரு துண்டை மடித்து வைத்தால் இரும்புக் கட்டில் அதிரும் சத்தம் அடங்கும். பம்ப்பில் காற்றின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை முழுக்கத் திருப்பி அரை மணி நேரம் காற்று ஏறிய பிறகே ஆளைப் படுக்க வைக்க வேண்டும். பிறகு எடைக்குத் தக்கபடி திருகைக் குறைக்க வேண்டும். நல்லா கிண்ணென்று இருக்கட்டும் என்று கடைசி அளவிலேயே விட்டுவிடுவதுதான் வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. நாற்பத்தைந்து கிலோ அம்மிச்சிக்கு அந்த இறுக்கத்தில் குமிழே புண்ணை உண்டாக்கும்.

திருகில் உள்ள எண்ணை நம்புவதைவிடக் கையை நம்பலாம். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது, ஏர் பெட்டுக்கும் அடிமெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, வால் எலும்புக்கு நேராக நுழையுங்கள். கைக்கும் உடம்புக்கும் இடையே ஏறக்குறைய ஓர் அங்குலக் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. தலைமாட்டை உயர்த்தினால் எடை முழுக்க இடுப்புக்கு இறங்கும் என்பதால் அப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய்) போட்டவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். உணவு கொடுக்கும்போதும் அதன்பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமும் தலைமாடு 30 டிகிரிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் உணவு நுரையீரலுக்கு ஏறலாம். ஆனால் அந்தச் சாய்வில் உடம்பு மெல்ல வழுக்கி, பிட்டத்துத் தோல் எலும்பின் மேல் இழுபடும். பிவிசி வழவழப்பு இதை இன்னும் அதிகமாக்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிட்டுப் பிறகு தலைமாட்டைத் தூக்கினால் வழுக்கல் பெருமளவு குறையும். நேரம் முடிந்ததும் தலைமாட்டை இறக்கிவிட வேண்டும். கீழே வழுக்கியவரை அக்குளில் பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்புக்கு அடியில் மடித்த பருத்திப் போர்வை ஒன்றைப் போட்டுவைத்து, இரண்டு பேர் இருபுறமும் பிடித்துத் தூக்கி ஏற்றுவதே சரி.

இனி எல்லா வீட்டிலும் வரும் கேள்வி. "ஏனுங்க, ஏர் பெட்டுத்தான் போட்டாச்சுங்களே, இன்னும் எதுக்குங்க புரட்டோணும்?" என்று கேட்காத ஆளில்லை. "பெட்டு பாதி வேலைதானுங்க செய்யும், மீதி உங்க கைதான்" என்று வீட்டுக்கு வரும் நர்சும் சொல்லிச் சொல்லிச் சலித்திருப்பார். உண்மை அதுதான். பகலில் இரண்டு மணிக்கொரு முறை வலது, மல்லாந்து, இடது என்று மாற்ற வேண்டும். சுவரில் ஒரு தாள் ஒட்டி நேரம் குறித்தால் யார் எப்போது புரட்டினார்கள் என்ற வாக்குவாதம் மிச்சம். முழுக்க ஒருக்களிக்க வைத்தால் இடுப்பின் பக்க எலும்பில் எடை விழும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்ப்பது போதும். ஏர் பெட் தரும் உண்மையான லாபம் இரவில்: தோல் நன்றாக இருந்தால் மூன்று மணி நேரம் வரை விடலாம், பார்த்துக்கொள்பவருக்கும் தூக்கம் கிடைக்கும்.

குதிகாலுக்குப் பபிள் வகை பெரிதாக உதவாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிற்க விடுங்கள். கையுறையில் தண்ணீர் நிரப்பி வைப்பதும், இடுப்புக்குக் காற்று வளையம் வைப்பதும் வேண்டாம். வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும். யூரின் டியூப் தொடைக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் அந்த டியூப்பின் வடிவத்திலேயே புண் வரும். தொடையின் மேல் வழியாக எடுத்து ஒட்டிவிட்டு, யூரின் சேரும் பையை, உடம்பிலுள்ள மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும்.

தோலைத் தினமும் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிவப்பை விரலால் அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும், வெளுக்காவிட்டால் புண்ணின் முதல் நிலை. நம் கறுத்த தோலில் சிவப்பே தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கெட்டியாக, அல்லது நாவல்பழ நிறமாக ஓரிடம் இருந்தால் அதுவே எச்சரிக்கை. அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது, ஸ்பிரிட்டும் போடக் கூடாது. அதில் எடை படாமல் வைப்பதுதான் மருந்து.

பங்குனி, சித்திரை வெயிலில் பிவிசி வேர்த்துக் கொட்டும். ஏர் பெட்டின் மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு, அதுவும் தளர்வாக. ரப்பர் ஷீட், கம்பளி, டயப்பர் என்று அடுக்கினால் காற்று மாறும் பலன் தோலுக்குப் போய்ச் சேராது. பவுடர் மடிப்பில் கட்டியாகி உறுத்தும். ஈரத்தை ஒற்றித் துடைத்தாலே போதும். டியூப் உணவு சிந்தினால் எறும்பு வரும், கடித்தாலும் சொல்ல முடியாதவர் படுத்திருக்கிறார். கட்டில் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள்.

கரண்ட்டைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பம்ப்புக்குப் பத்து வாட்டுக்கும் குறைவுதான், வீட்டு இன்வெர்ட்டருக்கு அது தெரியவே தெரியாது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில், இரண்டு குழாயையும் பம்ப்பிலிருந்து கழற்றியவுடன் மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் காற்று சில மணி நேரம் நிற்கும். ஆனால் மாறாது. அந்நாளில் புரட்டுவதை ஒரு முறைகூடத் தவற விடக் கூடாது.

ஓட்டை விழுவது பெரும்பாலும் ஊக்கு, வளையல் முனை, பூனை நகம் இவற்றால். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக்கொடுக்கும். காற்றை இறக்கி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவைத்து, பெட்டியோடு வந்த பிவிசி ஒட்டையும் பசையையும் போட்டு ஓர் இரவு எடை வைக்க வேண்டும். சைக்கிள் பஞ்சர் ஒட்டு பிவிசியில் நிற்காது. பம்ப்பின் அடியிலுள்ள சின்னப் பஞ்சு வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் வீடுகளில் வாரம் ஒருமுறை. பஞ்சு அடைத்தால் பம்ப் சூடேறி, உள்ளே துடிக்கும் ரப்பர் சீக்கிரம் கிழியும். உள்ளமைப்பு மீன்தொட்டிப் பம்ப் மாதிரியேதான் என்பதால், மீன்தொட்டிக் கடைக்காரர் பலர் அந்த ரப்பரை மாற்றித் தருவார்கள்.

வீட்டுக்கே வந்து பார்க்க ஆள் வேண்டுமென்றால், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு நோய்த்தணிப்பு நர்சும் பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலோடு உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். 104-க்கு அழைத்தும் கேட்கலாம். புண் ஆறாதவர்களுக்கு அவர்கள் முதலில் கேட்பது சாப்பாட்டைத்தான்: ராகிக் கூழும் கஞ்சியும் மட்டும் போனால் புரதம் போதாது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு முட்டை, பாசிப்பயறு, பால் சேர வேண்டும். கருப்பு நிறமாக, நாற்றத்தோடு, காய்ச்சலோடு புண் இருந்தால் வீட்டுக் கட்டு வேண்டாம், அறுவைச் சிகிச்சை ஓபிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பழைய ஏர் பெட் வாங்குவோருக்கு ஒன்று: பம்ப்பை மட்டும் வாங்குங்கள், பேனாப் புள்ளிச் சோதனையை விற்பவர் வீட்டிலேயே செய்து பார்த்துவிட்டு. தாளைப் புதிதாகத் தனியாக வாங்கிக்கொள்ளலாம்.