காப்பர் என்று விற்றார்கள், சுரண்டினால் அலுமினியம்

வீடு கட்டுகிறவர்கள், பழைய ஒயரிங்கை மாற்றுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "சுத்த காப்பர் சார்" என்று எங்களுக்கு விற்ற 2.5 ஸ்கொயர் ஒயர் (கம்பியின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர்), செம்பு முலாம் பூசிய அலுமினியம்.

கீசர் லைனில்தான் சாயம் வெளுத்தது. 3 கிலோவாட் கீசர், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். நல்ல 2.5 ஸ்கொயர் செம்பு இதைச் சாதாரணமாகத் தாங்கும். எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் கருகி, ஒயரின் பிவிசி உருகிவிட்டது. 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) அசையவே இல்லை. எப்படி அசையும்? எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைத்தான் அது பார்க்கும். சுவருக்குள் ஒயர் சுடுவது அதற்குத் தெரியாது.

எலக்ட்ரீசியன் தம்பி ஓர் இழையை பிளேடால் சுரண்டினார். "பாருங்கண்ணே, உள்ள வெள்ளை." (வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர் எதிர்: வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. அது நல்ல சரக்கு.)

அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் சுமார் 61 சதவீதம்தான். 2.5 ஸ்கொயர் செம்பு செய்யும் வேலைக்கு 4 ஸ்கொயர் அலுமினியம் வேண்டும். அலுமினியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை, தெருக் கம்பத்தில் ஓடுவதும் அதுதான். சொல்லி, அதற்கேற்ற பருமனில் விற்றால் சண்டையே இல்லை. இங்கே இழைகளை அளந்து கூட்டினால் 2 ஸ்கொயர்தான் தேறியது. இரண்டும் சேர்ந்து மின்தடை ஏறக்குறைய இரட்டிப்பு. அதே 13 ஆம்பியருக்கு வெப்பமும் இரட்டிப்பு. போதாததற்கு, அலுமினியம் திருகுக்கு அடியில் நாளடைவில் நசுங்கித் தளரும், அந்த இடம் இன்னும் சுடும்.

கடைக்காரர் பதில்: "எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க." பில்லில் "ஒயர் காயில்" என்று மட்டும் எழுதியிருந்தார். காப்பர் என்ற பேச்சே இல்லை.

வாங்கும்போது காயிலைத் தராசில் வையுங்கள். 90 மீட்டர் 2.5 ஸ்கொயரில் செம்பு மட்டுமே 2 கிலோ வரும். பிவிசியோடு சேர்த்தே 2 கிலோ வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் எண்ணை (தயாரிப்பாளரின் உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். பில்லில் "காப்பர், 2.5 ஸ்கொயர்" என்று எழுதச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். மற்ற ரூம்களின் ஒயரையும் உருவிக்கொண்டிருக்கிறோம். பைப்புக்குள் சிக்கிய இடத்தில் சுவரை உடைக்க வேண்டியிருக்கிறது.