பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்க ஆண்டுதோறும் மலப் பரிசோதனையா, பத்தாண்டுக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பியா?

பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய் ஒரே நாளில் முளைப்பதில்லை. குடலின் உட்சுவரில் தோன்றும் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி, பெரும்பாலும் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டுதான் புற்றாக மாறுகிறது. எல்லாப் பாலிப்களும் அப்படி மாறுவதும் இல்லை. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் குறைவு. இருந்தும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தனர். அறிகுறி ஏதும் இல்லாத, குடும்பத்தில் இந்நோய் வந்திராத ஒருவர் அந்த அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்ள இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன: ஃபிட் எனப்படும் மலப் பரிசோதனை, கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி.

ஃபிட் பரிசோதனை, கண்ணுக்குத் தெரியாத அளவில் மலத்தில் கலந்திருக்கும் மனித இரத்தத்தைத் தேடுகிறது. சிறு குழாயின் மூடியோடு இணைந்த, நுனியில் வரிவரியான பள்ளங்கள் கொண்ட குச்சியால் மலத்தின் மேற்பரப்பைச் சில இடங்களில் சுரண்டி, அதைத் திரும்பக் குழாய்க்குள் செருகி மூடி, ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டால் போதும். வீட்டிலேயே செய்துவிடலாம், பட்டினி வேண்டாம், பேதி மருந்து வேண்டாம். மலத்தில் இரத்தத்தைத் தேட முன்பிருந்த குவாயாக் என்ற முறையில் இறைச்சியும் வைட்டமின் சி-யும் முடிவைக் குழப்பக்கூடும் என்பதால் உணவுக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. ஃபிட் மனித ஹீமோகுளோபினை மட்டுமே அடையாளம் காண்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. இரத்தம் கசியாத பாலிப்பை, குறிப்பாகக் குடலின் வலப்பக்கத்தில் தட்டையாகப் படர்ந்திருக்கும் வகையை, அது தவறவிட்டுவிடும். ஏறக்குறைய பத்தாயிரம் பேரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வொன்றில், ஒரே ஒருமுறை செய்த ஃபிட் பரிசோதனை நூறு புற்றுநோய்களில் சுமார் 74-ஐப் பிடித்தது. புற்றாக மாறும் அபாயம் மிகுந்த வளர்ச்சிகளிலோ நூற்றுக்குச் சுமார் 24-ஐ மட்டுமே பிடித்தது. இந்த எண்களை வைத்து ஃபிட்டை ஒதுக்குவது சரியல்ல என்பது என் கருத்து. அது ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிடும் பரிசோதனையாக வகுக்கப்படவே இல்லை. இந்த ஆண்டு கசியாத பாலிப் அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ கசியக்கூடும். ஆண்டுதோறும் திரும்பச் செய்வதில்தான் அதன் வலிமை அடங்கியிருக்கிறது.

கொலனோஸ்கோப்பி குடலை நேரடியாகப் பார்க்கிறது, பார்த்த பாலிப்பை அதே அமர்வில் அகற்றியும் விடுகிறது. கண்டுபிடிப்பும் தடுப்பும் ஒரே கையில் நடப்பதால், முதல் சோதனையில் எதுவும் இல்லாத சராசரி அபாயமுள்ளவர் பத்து ஆண்டுகளுக்கு மறுபடி வரத் தேவையில்லை. ஆனால் குடல் சுத்தமாக இருந்தால்தான் இவ்வளவும் நடக்கும். பேதி மருந்தை முந்தைய இரவு பாதியும், சோதனை நாள் காலையில் பாதியும் குடித்து, கடைசியாக வெளியேறுவது கசடில்லாமல் வெளிர் மஞ்சள் நீராக இருக்கும்வரை கழிக்க வேண்டும். இதில் அலட்சியம் காட்டினால் எவ்வளவு தேர்ந்த மருத்துவரும் சிறு பாலிப்பைத் தவறவிட நேரும். ஆபத்தும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது: பத்தாயிரம் பேரில் சுமார் மூவருக்குக் குடலில் ஓட்டை விழுகிறது, சுமார் பதினைந்து பேருக்குக் கணிசமான இரத்தப்போக்கு ஏற்படுகிறது. செய்பவரின் திறமையும் பலனை மாற்றும் என்பதால், கருவியைத் திரும்ப இழுக்கும்போது குறைந்தது ஆறு நிமிடங்களாவது நிதானமாகப் பார்க்கிறாரா என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஸ்பெயின் நாட்டு ஆய்வின் பத்தாண்டு முடிவுகள் 2025-இல் வெளியாயின. கொலனோஸ்கோப்பிக்கு அழைக்கப்பட்டவர்களில் சுமார் 32 விழுக்காட்டினர் மட்டுமே பரிசோதனைக்கு வந்தனர். ஃபிட் பிரிவில் சுமார் 40 விழுக்காட்டினர். பத்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 0.22 விழுக்காடு, இரண்டாவதில் 0.24 விழுக்காடு. கூர்மை குறைந்த பரிசோதனை இவ்வளவு நெருங்கி வந்ததில், அதை மக்கள் தயங்காமல் ஏற்றுக்கொண்டதற்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலத்தில் மரபணு மாற்றங்களையும் தேடும் பரிசோதனை, மேற்சொன்ன 2014 ஆய்வில் நூறு புற்றுநோய்களில் 92-ஐக் கண்டுபிடித்தது. ஆனால் நோயில்லாதவர்களுக்கு வீண் எச்சரிக்கை கொடுப்பதும் அதில் கூடுதல். சி.டி. ஸ்கேன் வழியான கொலனோகிராஃபிக்கு மயக்க மருந்து தேவையில்லை என்றாலும், குடலைச் சுத்தம் செய்தாக வேண்டும், பாலிப்பை அகற்றவும் முடியாது. புகையிலையையும் மதுவையும் விடுதல், எடையைக் கட்டுக்குள் வைத்தல், உடற்பயிற்சி, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைக் குறைத்தல் ஆகியவை அபாயத்தைக் குறைப்பது உண்மை. ஆயினும் அவை இந்தப் பரிசோதனைகளுக்கு மாற்று ஆகமாட்டா.

தேர்வு செய்ய இடமே இல்லாதவர்களும் உண்டு. மலத்தில் இரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் நீடிக்கும் மாற்றம், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு, எடை இழப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருப்பவர் பரிசோதனைப் பெட்டியை வாங்கித் தானே சோதித்துப் பார்க்காமல் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். இரத்தம் வந்தாலே மூலம்தான் என்று தாமாக முடிவு கட்டி, மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 60 வயதுக்கு முன் இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவோ, எது முந்தியதோ அப்போதே கொலனோஸ்கோப்பியைத் தொடங்குவதே முறை.

மற்றவர்கள் 45 வயதில் தொடங்கலாம் என அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல் பரிந்துரைத்தது. அவர்களில் பேதி மருந்துக்கும் கருவிக்கும் அஞ்சி ஆண்டுகளைக் கடத்துபவருக்கு ஃபிட்டையும், ஆண்டுதோறும் நினைவு வைத்துச் செய்யமாட்டோம் என்று தம்மைப் பற்றித் தெரிந்தவருக்குக் கொலனோஸ்கோப்பியையும் நான் தயங்காமல் சொல்வேன். ஆனால் ஃபிட்டைத் தேர்ந்தெடுப்பவர், அதில் இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள அன்றே சம்மதித்துவிட்டார் என்று பொருள். இன்னொரு முறை ஃபிட் செய்து, இரண்டாவது முடிவு சரியாக வந்துவிட்டது என்று நிம்மதி அடைவதை மருத்துவம் ஏற்பதில்லை. அப்படி முடிவு வந்த பிறகு கொலனோஸ்கோப்பியைப் பத்து மாதங்களுக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் முற்றிய நிலைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது.