டிப்புக்குப் போக எது வசதி: வேன் பெர்மிட்டா, முன்பதிவா, கேமராவா?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டுக் குப்பையை நாமே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போடும் மறுசுழற்சி மையத்துக்கு, அதாவது ‘டிப்’புக்கு, அந்தப் பகுதியில் குடியிருப்பவர் பணம் கட்ட வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 51 ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. செலவைச் சமாளிக்க நுழைவுக் கட்டணம் வசூலிக்கலாமா என்று இங்கிலாந்தில் சில கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி அமைப்புகள், பார்த்தன. 2015 இல் ஓர் அரசாணை போட்டு அதற்கும் கதவை அடைத்துவிட்டார்கள். காசு வாங்க முடியாது, ஆனால் வருகிற கூட்டத்தையும் குறைக்க வேண்டும். வாசலில் இத்தனை கெடுபிடி வந்தது அதனால்தான்.

கெடுபிடி ஊருக்கு ஊர் மாறுகிறது. ஓர் ஊரில் வீட்டு முகவரிக்கான சான்று கேட்கிறார்கள். இன்னோர் ஊரில் முன்பதிவு. வேனில் போனால் பெர்மிட். சில இடங்களில் எதையும் கேட்பதில்லை, கேமரா மட்டும் நம்பர் பிளேட்டைப் படித்து எண்ணிக்கொள்கிறது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கவுன்சிலுக்கு இருக்கும் கவலைகள் மூன்று: கட்டட வேலைக்காரர்கள் தங்கள் தொழில் குப்பையை வீட்டுக் குப்பை என்று சொல்லி இலவசமாகத் தள்ளிவிடுவது, பக்கத்துக் கவுண்டிக்காரர்கள் (மாவட்டத்துக்காரர்கள்) வந்து கொட்டுவது, சனி ஞாயிறில் வண்டிகள் பிரதான சாலை வரை வரிசை கட்டி நிற்பது. பெர்மிட் முதலாவதற்கான மருந்து, முகவரிச் சான்று இரண்டாவதற்கு, முன்பதிவு மூன்றாவதற்கு. ஒரு நோய்க்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும்போதுதான் நமக்குத் தலைவலி வருகிறது.

முகவரிச் சான்று

இருப்பதில் எளிதானது இதுதான். கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் வீட்டு வரி) பில்லையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டினால் முடிந்தது. வண்டி யாருடையது, எந்த நாளில் வருகிறோம் என்பதெல்லாம் கேள்வியே இல்லை. புதிதாகக் குடிவந்தவர்கள், ஒரே வீட்டில் அறை வாடகைக்கு இருப்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் சங்கடம். பில் அவர்கள் பெயரில் இருக்காது, உரிமத்தில் பழைய முகவரி இருக்கும்.

எல்லைக்கோட்டில் வசிப்பவர்கள் பாடு அதைவிட மோசம். ரெடிங், பிராக்னெல், வோக்கிங்ஹம் ஆகிய மூன்று கவுன்சில்களும் சேர்ந்து ‘ரீ3’ என்ற பெயரில் இரண்டு மையங்களை நடத்துகின்றன: ரெடிங்கில் ஸ்மால்மீட், பிராக்னெலில் லாங்ஷாட் லேன். பக்கத்தில் இருக்கும் வெஸ்ட் பெர்க்ஷயருடன் இருந்த ஏற்பாடு 2016 இல் முடிந்தது. அதே ஆண்டில் இந்த மையங்களுக்குக் குடியிருப்போர் பெர்மிட்டும் வந்தது. கால்காட் பார்ப்பதற்கு ரெடிங்கின் ஒரு பகுதி மாதிரியே இருக்கும். தெருவோடு தெரு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நிர்வாகம் மட்டும் வெஸ்ட் பெர்க்ஷயர். அவர்களுக்குப் பக்கத்து ஸ்மால்மீட் மூடிக்கொண்டது, வெஸ்ட் பெர்க்ஷயரின் சொந்த மையம் இருக்கும் பாட்வொர்த் பக்கம் போக வேண்டியதாயிற்று. ஹாம்ப்ஷயர் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. வெளியூர்க்காரரும் வரலாம், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு. வெளியாளிடம் வசூலிக்கச் சட்டத்தில் தடை இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. திருப்பி அனுப்பினால் அந்தக் குப்பை வேறு எங்கோ போய்ச் சேரும்.

முன்பதிவு

2020 மார்ச் ஊரடங்கில் மையங்கள் மூடப்பட்டன. மே மாதத்தில் திறந்தபோது கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் பல இடங்களில் முன்பதிவு வந்தது. கொரோனா அடங்கியது, முன்பதிவு அப்படியே தங்கிவிட்டது. ஹாம்ப்ஷயர், கென்ட், பர்மிங்ஹாம் போன்ற இடங்களில் கார் வைத்திருப்பவரும் முன்பதிவு செய்யாமல் போக முடியாது.

திட்டுகிறவர்கள் நிறைய. எனக்கு இதில் பாதிக்குப் பாதி உடன்பாடு. குறுகிய சாலையில் உள்ள மையத்துக்கு முன்பதிவு உண்மையிலேயே நல்லது. குறித்த நேரத்துக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பலாம். முன்பு வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமைகளில் புல் வெட்டிய மூட்டைகளோடு காருக்குள் வெந்துகொண்டிருக்க வேண்டும். ஆனால் வார நாளில் ஈயாடிக்கொண்டிருக்கும் மையத்துக்கும் இதே விதியை வைப்பது அர்த்தமில்லாதது. வாசலில் நின்று, “இன்னைக்கு உங்க பேர் லிஸ்ட்ல இல்லையே” என்று கேட்கும்போது உள்ளே ஒரு வண்டிகூட இருக்காது. இணையம் கைவராத முதியவர்களுக்கும் தொல்லை. பிள்ளைகளைக் கெஞ்சவோ போன் போட்டு வரிசையில் காத்திருக்கவோ வேண்டும்.

வேன் பெர்மிட்

இனி விஷயத்துக்கு வருவோம். காரில் போகிறவருக்குப் பெர்மிட் பெரும்பாலான இடங்களில் தேவைப்படாது. வேன், பிக்கப், டிரெய்லர் என்றால்தான் கதை தொடங்கும். அது உங்கள் வீட்டு வேனா தொழில் வேனா என்று வாசலில் நிற்பவர் பார்வையிலேயே சொல்ல முடியாது அல்லவா? அதனால் முன்கூட்டியே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பெர்மிட் இலவசம்தான். ஆனால் ஆண்டுக்கு இத்தனை தடவை என்று வரம்பு உண்டு. 12 என்ற எண் பல கவுன்சில்களில் அடிபடுகிறது. மாதத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்தார்கள் போல. தோட்டத்தை மாற்றுகிறவரோ குளியலறையை இடிக்கிறவரோ மாதம் ஒன்று என்று போக மாட்டார். இரண்டு வாரத்தில் எட்டுத் தடவை போய்விட்டு, மீதி ஆண்டு முழுக்கத் தலைகாட்ட மாட்டார்.

எது வேன் என்பதிலும் வழக்கு உண்டு. பொதுவாகப் பின்புறம் கண்ணாடி ஜன்னலும் இருக்கையும் இருந்தால் கார், இல்லாவிட்டால் வேன் என்று பார்க்கிறார்கள். நான்கு கதவு பிக்கப்பில் குடும்பமே உட்கார்ந்து போனாலும் பல ஊர்களில் அது வேன் கணக்கில்தான் சேரும். இருக்கையைக் கழற்றி எடுத்த பெரிய கார் வந்தால் ஊழியர் யோசிப்பார். பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் எழுதிய வண்டியைச் சில கவுன்சில்கள் அனுமதிப்பதே இல்லை. வேலைக்குப் போகும் வேனையே வீட்டு வண்டியாகவும் ஓட்டுகிற பிளம்பர் தன் வீட்டுப் பழைய மெத்தையைக் கொண்டுபோய்ப் போட வழியில்லாமல் நிற்பதும் இதனால்தான். அவர் செய்வது தப்பே இல்லை. மெத்தை வீட்டுக் குப்பைதான். வண்டிதான் குற்றவாளி.

வாடகை வேன்தான் இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை. கார் இல்லாதவர், சின்னக் கார் வைத்திருப்பவர், வீடு மாறுகிறவர் ஆகியோர்தான் பழைய சோபாவோடு டிப்புக்கு வர ஒரு நாளைக்கு வேன் எடுப்பார்கள். பெர்மிட் விண்ணப்பத்தில் வண்டி எண்ணைக் கேட்பார்கள். வாடகைக் கடையிலோ சாவியைக் கையில் கொடுக்கும் வரை எண் தெரியாது. சில கவுன்சில்கள் இதைப் புரிந்துகொண்டு வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்கின்றன. சில, குறுகிய காலப் பெர்மிட்டைத் தனியாகத் தருகின்றன. மற்ற இடங்களில் வேன் கைக்கு வந்த பிறகு விண்ணப்பித்து, அனுமதி வருவதற்குள் வேனைத் திருப்பித் தரும் நேரம் வந்துவிடும். என் கணக்கில் ஒரு பெர்மிட் முறை நல்லதா கெட்டதா என்று பார்க்க இந்த ஒரு கேள்வி போதும்: வாடகை வேனுக்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள்?

இன்னொன்று, பெர்மிட் இருந்தாலும் உயரத் தடுப்பு இருக்கும். இரண்டு மீட்டர் அளவில் குறுக்கே ஒரு கம்பி. பெரிய வேன்களுக்குச் சில மையங்களில் இடமே கிடையாது. நுழைய முடிந்த மையம் எது என்பதையும் பெர்மிட் வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேமரா

கிரேட்டர் மான்செஸ்டர் 2021 இல் வேறு பாதையில் போனது. பெர்மிட் இல்லை, விண்ணப்பம் இல்லை. வாசலில் கேமரா வண்டி எண்ணைப் படிக்கும். காருக்கு ஆண்டுக்கு 52 தடவை, வேன்களுக்கு அதைவிடக் குறைவு. சாதாரணக் குடும்பம் வாரம் ஒரு தடவை போவது அபூர்வம், அதனால் பெரும்பாலானவர்களுக்கு வரம்பு இருப்பதே தெரியாது. தினம் மூன்று நடை அடிக்கிறவர் மட்டும் மாட்டுவார். எல்லாரையும் சந்தேகப்பட்டுத் தாள் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நாட்டிங்ஹாம்ஷயர் நடுவழி. வண்டி எண்ணை ஒரு தடவை இணையத்தில் பதிந்துவிட்டால் போதும், பிறகு போய்வரலாம். இங்கே கவலை கட்டட வேலைக்காரர்கள் மட்டுமல்ல, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும்தான். நாட்டிங்ஹாம் நகரத்துக்கே தனி நிர்வாகம், லென்டனில் தனி மையம். புது வண்டி வாங்கினால் மறக்காமல் எண்ணை மாற்றிப் பதிய வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய சிரமம் தெரியவில்லை.

கேமராவுக்கும் ஒரு குறை உண்டு. அது எண்ணுவது வண்டியை. 2023 டிசம்பர் 31 முதல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதி எண்ணுவது வீட்டை. நாமே செய்த சின்னக் கட்டட வேலையில் வந்த கல், மண், ஓடு போன்றவற்றுக்கு அதற்கு முன் பல கவுன்சில்கள் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தன. இப்போது 50 லிட்டர் பை இரண்டு, அல்லது 2 மீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரத்துக்கு மிகாத ஒரு பொருள் இலவசம். நான்கு வாரத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு தடவை. வீட்டில் இரண்டு கார் இருந்தால் கேமராவுக்கு அது இரண்டு ஆள். இந்த இடத்தில் மட்டும் முகவரியோடு கட்டிய முன்பதிவு கணக்கைச் சரியாக வைக்கிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் வாசகர்கள் இந்த விதியை நம்பிப் போக வேண்டாம், அங்கே இது செல்லாது.

டிப்புக்கே போகாமல் இருந்தால்?

பெர்மிட் தொல்லை வேண்டாமென்று நினைப்பவருக்கு மூன்று வழி. கவுன்சிலே வந்து பெரிய சாமானை எடுத்துக்கொண்டு போகும், பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஒரு சோபா, ஒரு ஃபிரிட்ஜ் மட்டும் என்றால் வாடகை வேனும் பெட்ரோலும் சேர்ந்து ஆகிற செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் இதுவே மலிவு. இரண்டாவது, ஸ்கிப், அதாவது குப்பையைப் போட வாடகைக்கு எடுக்கும் பெரிய இரும்புத் தொட்டி. சொந்த டிரைவ்வேயில் (வீட்டு முன் வண்டி நிறுத்தும் இடத்தில்) வைத்தால் சிக்கல் இல்லை. சாலையில் வைக்க அதற்கும் ஒரு பெர்மிட்.

மூன்றாவது வழி, “40 பவுண்டு குடுங்க, நான் பாத்துக்கறேன்” என்று வரும் வேன்காரர். இங்கேதான் நம்மவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். அவர் அதைக் காட்டோரம் தள்ளிவிட்டுப் போய், குப்பைக்குள் உங்கள் பெயர் போட்ட ஒரு கடிதம் அகப்பட்டால், யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காத குற்றத்துக்கு உங்களுக்கு 600 பவுண்டு வரை அபராதம் வரலாம். 2023 இல் உயர்த்திய தொகை அது. 2023-24 ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கவுன்சில்கள் கையாண்ட சட்டவிரோதக் குப்பைக் கொட்டல்கள் சுமார் 11.5 லட்சம், அதில் ஏறத்தாழ 60 சதவீதம் வீட்டுக் குப்பை. குப்பை ஏற்றிச் செல்பவராக வேன்காரர் பெற்ற பதிவு எண்ணைக் (வண்டி எண்ணை அல்ல) கேட்டு வாங்கி, சுற்றுச்சூழல் முகமையின் இணையப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எண் கேட்டதும் முகம் மாறினால் ஆளை அனுப்பிவிடலாம்.

யாருக்கு எது

கார் வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கேமரா முறைதான் முதலிடம், வண்டி எண்ணைப் பதிந்துவைக்கும் முறை அடுத்தது. ஊரில் முன்பதிவு இருந்தால் மழை நாளில், வார நடுவில் நேரம் எடுங்கள், இடம் எளிதாகக் கிடைக்கும். சொந்த வேன் இருப்பவர் தேவை வரும்வரை காத்திராமல் இப்போதே பெர்மிட் வாங்கி வைப்பது நல்லது. ஆனால் 12 மாதக் கெடு எப்போது தொடங்குகிறது, விண்ணப்பித்த நாளிலா முதல் தடவை போன நாளிலா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர் ஸ்கிப்பை யோசிக்கலாம். வேலையை ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தால் இடிபாடு அவருடைய தொழில் குப்பை. அதை உங்கள் பெர்மிட்டில் கொண்டுபோகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வாடகைக்கு வேன் எடுப்பவர்களுக்கு ஒரே யோசனை. வேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கவுன்சிலுக்குப் போன் செய்து, எண் தெரியாத வண்டிக்கு எப்படி அனுமதி வாங்குவது, எத்தனை நாள் ஆகும், உயரத் தடுப்பு இல்லாத மையம் எது என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். ஒரு நாள் கெடுவில் கிடைக்காது என்றால், நண்பர் காரில் பின் இருக்கையை மடக்கிப் போட்டு இரண்டு நடை அடிப்பது மலிவு. சோபாவை மட்டும் கவுன்சில்காரர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.