போனில் பெரிய கேம் ஓடும் என்று விற்கும் ஆப்களில் உங்கள் சொந்த அக்கவுண்டைத் திறக்காதீர்கள்

நேற்று இரவு அதே விளம்பரம் மறுபடியும் என் போனில் வந்தது. ஆப்பின் பெயர் வேறு, ஐகான் வேறு. ஆனால் வீடியோ அதேதான். சாதாரண போன் ஒன்றில் ஜிடிஏ 5 ஓடுகிறது, விரல் பட்டதும் கார் வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, மேலே "டவுன்லோடு வேண்டாம், எந்த நெட்டிலும் ஓடும்" என்று ஒரு வரி. நான்கு மாதம் முன்பு இதே வீடியோவை நம்பித்தான் ஒரு வருடச் சந்தா கட்டினேன். பணம் போனது ஒரு பக்கம். நானும் தம்பியும் 2015லிருந்து ஒவ்வொரு கேமாக வாங்கிச் சேர்த்த ஸ்டீம் (கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடை) அக்கவுண்ட் வேறு யார் கைக்கோ போய்விட்டது. பெயர் மாற்றி மறுபடி வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆப்கள் விற்பதாகச் சொல்லும் கிளவுட் கேமிங் என்பதே ஏமாற்று வேலை இல்லை. கேம் எங்கோ ஒரு சர்வரில் ஓடும், நம் போனுக்கு வருவது அதன் வீடியோ மட்டும். நாம் திரையைத் தொட்டால் அது சர்வருக்குப் போய், அங்கே கேம் நகர்ந்து, அந்தக் காட்சி மறுபடி வீடியோவாக நமக்கு வந்து சேரும். ஃபோர்ட்நைட்டை ஆப்பிள் 2020 ஆகஸ்டில் தன் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்தது. 2022 மே மாதம் எக்ஸ்பாக்ஸின் கிளவுட் சேவை வழியாக ஐபோன் பிரவுசரிலேயே அதை இலவசமாக விளையாட முடிந்தது. கென்ஷின் இம்பாக்ட் மாதிரி 20 ஜிபிக்கு மேல் இடத்தை அடைக்கும் போன் கேமுக்கே கிளவுட் பதிப்பு இருக்கிறது. ஜிடிஏ 5க்குப் போனுக்கென்று தனிப் பதிப்பு வந்ததே இல்லை, ஆனால் கிளவுடில் என்றால் முடியும். இவ்வளவும் தெரிந்திருந்ததால்தான் அந்த விளம்பரம் எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. எங்கள் பழைய லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. போன் மட்டும்தான் கையில்.

பணம் கட்டும் இடத்திலேயே முதல் தந்திரம் இருந்தது. ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டினால் முழுத் தொகை, "எங்கள் தளத்தில் நேராகக் கட்டினால் பாதி" என்று ஒரு பெட்டி. பாதி என்றதும் தளத்துக்குப் போய்க் கார்டு விவரத்தைக் கொடுத்தேன். கூகுள் ப்ளே வழியாகக் கட்டியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். வெளியே கட்டிய பணத்துக்கு ஸ்டோர் பொறுப்பே இல்லை. அந்தத் தள்ளுபடி எதற்கென்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

"வரம்பில்லாத" திட்டம் என்று வாங்கியது நாளுக்கு 2 மணி நேரம். அதற்கு மேல் விளையாட ஆப்புக்குள் விற்கும் நாணயம் வாங்க வேண்டும். மாலையில் திறந்தால் வரிசை. முதல் நாள் எனக்கு முன்னால் 212 பேர், 50 நிமிடம் காத்திருந்தேன். மெஷின், அதாவது அவர்கள் பக்கத்தில் நமக்கு ஒதுக்கும் கம்ப்யூட்டர், கிடைத்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கும் கேம் பழைய பதிப்பாக இருக்கும், அப்டேட் ஆகாமல் ஓடாது. 2 மணி நேரத்தில் 25 நிமிடம் அப்டேட்டைப் பார்த்துக்கொண்டே போய்விடும்.

"எந்த நெட்டிலும் ஓடும்" என்பதும் பொய். 720பி தரத்தில் நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) ஒழுங்காக வர, கிட்டத்தட்ட 15 எம்பிபிஎஸ் வேகம் தொடர்ந்து வேண்டும். கணக்குப் போட்டால் மணிக்கு 6 ஜிபிக்கு மேல் டேட்டா. 1080பி என்றால் 25 எம்பிபிஎஸ், மணிக்கு 11 ஜிபி. வேகம் இருந்தால் மட்டும் போதாது, சர்வர் பக்கத்தில் இருக்க வேண்டும். 60 ஃப்ரேம் ஓடும்போது ஒரு ஃப்ரேமுக்கு 17 மில்லி நொடிகூடக் கிடையாது. சிக்னல் சர்வருக்குப் போய்த் திரும்ப 80 மில்லி நொடி ஆனால், தொட்டதற்கும் நடப்பதற்கும் நடுவில் ஐந்து ஃப்ரேம் போய்விடும். வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரம் தனி. சர்வர் எங்கே இருக்கிறது என்று அந்த ஆப் எங்கேயும் சொல்லவில்லை. விளம்பர வீடியோவில் விரலோடு கார் திரும்பியதை நினைத்துப் பார்க்கிறேன். அது போனில் எடுத்த வீடியோவே இல்லை.

இதெல்லாம் மோசமான சேவை, அவ்வளவுதான். சந்தாவோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மூன்றாம் நாள் அவர்கள் பட்டியலில் இருந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐத் திறந்து ஒரு மணி நேரம் ஆடினேன். மறுநாள் திறந்தால் ஆரம்பத்திலிருந்து தொடங்கச் சொன்னது. சேவ், அதாவது ஆடி நிறுத்திய இடத்தின் பதிவு, இல்லை. ஆப்பின் சாட்டில் கேட்டேன். "அன்புள்ள பயனரே, எங்கள் கேம்கள் பொது அக்கவுண்டுகளில் உள்ளன, உங்கள் சேவ் நிலைக்க வேண்டுமானால் சொந்த அக்கவுண்டில் உள்நுழையுங்கள்" என்று பதில் வந்தது. பொது அக்கவுண்ட் என்றால், அவர்கள் கொஞ்சம் அக்கவுண்டுகளில் கேமை வாங்கி வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்டீம் விதிப்படி அக்கவுண்டைப் பிறருக்கு விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது. அந்த ஒரு வரியைப் படித்தவுடனே ஆப்பை எடுத்திருக்க வேண்டும். ஆனால் கட்டிய பணம் கண்ணை மறைத்தது. சொந்த அக்கவுண்டில் விட்சர் 3 இருந்தது, நானும் தம்பியும் இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிய சேவ். அவன் கல்லூரியில் இருந்தபோது ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து ஆடியது. அதைப் போனில் தொடரலாம் என்ற ஆசையில் அந்த மெஷினில் பாஸ்வேர்டைத் தட்டினேன், மின்னஞ்சலுக்கு வந்த உள்நுழைவுக் குறியீட்டையும் தட்டினேன்.

அன்று நன்றாகவே ஓடியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே 2 மணி நேரம் முடிந்து திரை அணைந்தது. நம் சேவ்களை ஸ்டீம் தன் சர்வரில் வைத்துக்கொள்ளும் இடம் ஸ்டீம் கிளவுட். அதில் சேவ் ஏறுவது கேமை ஒழுங்காக மூடிய பிறகுதான். மெஷினையே அணைத்துவிட்டால் அன்று ஆடியது எதுவும் மேலே ஏறாது.

மறுநாள் வேறொரு மெஷின் கிடைத்தது. கேமைத் திறக்கும் முன் ஸ்டீம் ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் சேவும் கிளவுடில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை, எதை வைத்துக்கொள்வது? ஒன்றின் தேதி பழையது, இன்னொன்று நேற்று இரவு. நேற்று ஆடியது நான்தானே என்று புதியதைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே போனால் எல்லாமே வேறாக இருந்தது. கேமின் நாயகன் கெரால்ட் 12ஆம் லெவலில், வெலன் என்ற பகுதியில் நிற்கிறான், நாங்கள் பார்த்தே இராத கவசத்தோடு. ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"அக்கா, இது நம்ம கெரால்ட் இல்லையே. யாரோட சேவ் இது?"

எனக்கு முன்னால் அந்த மெஷினில் ஆடிய யாரோ ஒருவருடைய சேவ். மெஷினைத் துடைக்காமலே எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது எங்கள் சேவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அடுத்து அவன் கேட்டதுதான் எனக்குத் தோன்றாமல் போனது. "அவங்க விட்டுட்டுப் போனது உனக்குக் கிடைக்குதுன்னா, நீ விட்டுட்டு வர்றது யாருக்குக் கிடைக்கும்? முதல்ல பாஸ்வேர்டை மாத்துக்கா."

சேவ் போன அழுகையில் இருந்தேன். காலையில் மாற்றுகிறேன் என்றேன். விடியற்காலை எழுந்து பார்த்தபோது அக்கவுண்டின் மின்னஞ்சல் முகவரி மாறியிருந்தது. என் மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்டுதான் வைத்திருந்தேன். அதற்குள்ளும் நுழைந்து, எச்சரிக்கைக் கடிதங்களை அழித்திருந்தார்கள்.

யார் எடுத்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்த நிறுவனமா, அடுத்து அந்த மெஷினில் உட்கார்ந்த ஆளா, தெரியாது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் அந்தப் பாஸ்வேர்டை நான் தட்டிய ஒரே புது இடம் அதுதான். சாட்டில் எழுதினேன். "அன்புள்ள பயனரே, உங்கள் அக்கவுண்டின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு" என்று வந்தது. சொந்த அக்கவுண்டில் உள்நுழையச் சொன்ன அதே சாட். பணம் கேட்டபோது, பயன்படுத்தத் தொடங்கிய சந்தாவுக்கு ரீஃபண்ட் இல்லை என்றார்கள். ஆப்பை நீக்கினால் சந்தா நின்றுவிடாது என்பதால், வங்கியில் சொல்லி அந்தக் கார்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

பழைய கேம்களுக்குப் பணம் கட்டிய விவரங்களைத் தேடி எடுத்து ஸ்டீமுக்கு அனுப்பி, ஆறு நாளில் அக்கவுண்ட் திரும்பக் கிடைத்தது. கேம்கள் இருந்தன. தம்பி சேர்த்து வைத்திருந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் ஸ்கின்கள், அதாவது அந்தக் கேமின் ஆயுதங்களுக்கான அலங்காரங்கள், எல்லாம் போய்விட்டன. எடுத்தவர்கள் ஏமாற்று மென்பொருள் போட்டு ஆடியதால், ஸ்டீமின் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பான வேக் போடும் தடை வேறு விழுந்திருக்கிறது. அது நிரந்தரம். அவன் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ்விலும் சொந்த ஸ்டீம் அக்கவுண்டைத்தானே கேட்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், கேட்கிறார்கள். ஆனால் அங்கே இலவசத்தில் ஒரு முறைக்கு ஒரு மணி நேரம்தான் என்று முதலிலேயே சொல்கிறார்கள். கேம் நிறுவனம் சம்மதிக்காத கேம் அங்கே இருக்காது. 2020 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் ப்ளிஸார்ட் கேட்டுக்கொண்டதும் அவர்கள் கேம்களை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து நல்லதையும் போலியையும் பிரிக்கச் சுலபமான வழி இதுதான். போலி ஆப்பில் எல்லா நிறுவனத்தின் எல்லா கேமும் இருக்கும். நான் ஏமாந்த ஆப்பின் முகப்பில் எக்ஸ்பாக்ஸ் கேமும் ப்ளேஸ்டேஷன் கேமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, கூடவே செல்டாவும் இருந்தது. நின்டெண்டோ தன் செல்டா கேம்களை அடுத்தவர் கிளவுடுக்குக் கொடுப்பதே இல்லை. பெரிய நிறுவனம் என்பதாலேயே எதுவும் நிலைத்துவிடாது என்பதும் உண்மைதான். 2019 நவம்பரில் வந்த கூகுளின் ஸ்டேடியா 2023 ஜனவரி 18ஆம் தேதி மூடப்பட்டது. ஆனால் ஸ்டேடியாவில் வாங்கிய கேம்களுக்கும், கூகுளிடமே வாங்கிய கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பினார்கள். மாதச் சந்தாவுக்குத்தான் தரவில்லை.

ஏற்கெனவே இப்படி ஒரு ஆப்பில் உள்நுழைந்திருந்தால் தயவுசெய்து நாளைக்குத் தள்ளாதீர்கள். முதலில் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதைக் கையில் வைத்திருப்பவர் மற்றதையெல்லாம் மாற்றிவிடுவார். அப்புறம் ஸ்டீம் பாஸ்வேர்டு. இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும். ஸ்டீமின் பாதுகாப்பு வசதியான ஸ்டீம் கார்டு (Steam Guard) அமைப்புகளில் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் வசதி இருக்கிறது, அதையும் செய்துவிடுங்கள். உள்நுழைவுக் குறியீடு மின்னஞ்சலுக்கு வருவதை விட்டுவிட்டு ஸ்டீமின் மொபைல் ஆப்புக்கு மாறுங்கள்.

சேவ் மேலெழுதப்பட்டிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, தம்பி கண்டுபிடித்தது. பழைய கம்ப்யூட்டரில் எப்போதாவது அந்தக் கேமை ஆடியிருந்தால் அதன் வட்டில் சேவ் இன்னும் இருக்கலாம். ஆனால் அதை நெட்டோடு ஆன் செய்து ஸ்டீமைத் திறந்துவிடாதீர்கள், கிளவுடில் இருக்கும் தப்பான சேவ் அங்கேயும் இறங்கிவிடும். நெட்டைத் துண்டித்துவிட்டு, கோப்புகளை முதலில் வேறு இடத்துக்குப் பிரதி எடுங்கள். எங்கள் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி அவன் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். டாக்குமெண்ட்ஸுக்குள் விட்சர் 3 ஃபோல்டர், அதற்குள் கேம்சேவ்ஸ். கடைசிச் சேவ் ஒன்றரை வருடம் பழையது, ஸ்கெலிகே என்ற தீவுப் பகுதியில் கெரால்ட் படகோடு நிற்கிறான். அதைப் பென் டிரைவில் போட்டு எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறான்.