மஹாரா, கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ்: இணையவழி ஆசிரியரின் மின்-தொகுப்பேட்டுக்கு எது ஏற்றது?

இணையவழியில் கற்பிக்கும் ஒருவர் தம் பணி வளர்ச்சியைப் பதிவு செய்ய மின்-தொகுப்பேடு (இ-போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த பணிகளையும் சான்றுகளையும் இணையத்தில் தொகுத்துவைக்கும் ஏடு) ஒன்றைத் தொடங்க நினைத்தால், முதலில் எழும் கேள்வி எந்தக் கருவியில் தொடங்குவது என்பதுதான். மஹாரா, கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ் ஆகிய மூன்றும் பலர் தேர்ந்தெடுப்பவை; மூன்றிலும் கண்ணுக்கு நேர்த்தியான தொகுப்பேட்டை அமைக்க முடியும் என்பதால், தோற்றத்தை வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. ஆசிரியர் பணியிடம் மாறும்போது தொகுப்பேடு அவருடன் வருமா, அரைகுறையான எண்ணங்களையும் தோல்விகளையும் பிறர் பார்வை படாமல் எழுதிவைக்க அதில் இடம் உண்டா, எதை யாருக்குக் காட்டுவது என்பதை அவரே தீர்மானிக்க முடியுமா ஆகிய மூன்று கேள்விகளையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

தொகுப்பேட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதில் தெளிவு இல்லாமல் கருவியைப் பற்றிப் பேச முடியாது. பிரிட்டனில் 1993-இல் தொடங்கப்பட்ட கற்றல் தொழில்நுட்பச் சங்கம் வழங்கும் சிமால்ட் என்ற தகுதிச் சான்று இதற்கு நல்ல முன்மாதிரி. அதற்கு விண்ணப்பிப்பவர் தேர்வு எழுதுவதில்லை. தொகுப்பேடு ஒன்றைச் சமர்ப்பிக்கிறார், அதே துறையில் பணியாற்றும் சகாக்கள் அதை மதிப்பிடுகிறார்கள். செயல்பாட்டுச் சிக்கல்கள், கற்றல் கற்பித்தல் மதிப்பீடு, சட்டமும் கொள்கையும் உள்ளிட்ட விரிந்த சூழல், தொடர்பாடல் ஆகிய அடிப்படைப் பகுதிகளோடு விண்ணப்பதாரரின் சிறப்புத் துறை ஒன்றும் அதில் இடம்பெறும். ஒவ்வொரு பகுதியிலும் என்ன செய்தார் என்ற விவரிப்பும், அதற்கான சான்றும், அதிலிருந்து என்ன புரிந்துகொண்டார் என்ற தன்னாய்வும் இருந்தாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தகுதியைப் புதுப்பிக்கவும் வேண்டும். எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்பது விண்ணப்பதாரரின் விருப்பம்.

நம் ஊரில் நிலைமை வேறு. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொடர் பணி மேம்பாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது. அரசின் தீக்ஷா என்ற இணையக் கல்வித் தளத்தில் நிஷ்தா என்ற ஆசிரியர் பயிற்சிகளை முடித்தவர்களிடம் சான்றிதழ்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. பயிற்சி முடிந்தது என்பதைச் சான்றிதழ் சொல்லும்; அதன் பிறகு வகுப்பில் என்ன மாறியது என்பதை அது சொல்வதில்லை. இணையவழி விவாதத்தில் எப்போதும் அதே நான்கைந்து மாணவர்களே எழுதுவதைக் கண்ட ஆசிரியர், வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்து, கேள்வியை மாற்றியமைத்து, முன்னும் பின்னுமான விவாதப் பக்கங்களின் திரைப்பிடிப்புகளோடு விளைவை எழுதி வைத்தால் அதுவே தொகுப்பேட்டுக்குரிய பதிவு. சான்றிதழ்களை மட்டும் அடுக்கிவைக்க மின்-தொகுப்பேடு தேவையில்லை. கூகுள் டிரைவில் ஒரு கோப்புறை போதும்.

அமெரிக்காவின் அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹெலன் பேரட், ஒரே தொகுப்பேட்டைப் பல்வேறு மென்பொருள்களில் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்து அவற்றை ஒப்பிட்டவர். மின்-தொகுப்பேட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு என்பது அவர் வலியுறுத்திய கருத்து: கற்றல் நடந்துகொண்டிருக்கும் பணிக்கூடம் ஒன்று, முடிந்தவற்றைத் தேர்ந்தெடுத்து வைக்கும் காட்சிக்கூடம் மற்றொன்று. மூன்று கருவிகளின் பலமும் பலவீனமும் இந்தப் பிரிவினையை வைத்துப் பார்க்கும்போதுதான் துலங்குகின்றன.

மஹாரா

மின்-தொகுப்பேட்டுக்கென்றே உருவாக்கப்பட்டது இம்மூன்றில் மஹாரா மட்டுமே. நியூசிலாந்தில் 2006-இல் அரசு நிதியுதவியோடு, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் கூட்டு முயற்சியாகத் தொடங்கி, கேட்டலிஸ்ட் ஐடி நிறுவனத்தால் வளர்க்கப்பட்ட திறமூல மென்பொருள் இது. மூடுல் என்ற இணையவழிப் பாட மேலாண்மை மென்பொருளுடன் இணைந்து இயங்கும்படி அமைந்திருப்பதால், இணையவழிப் படிப்புகளை மூடுலில் நடத்தும் நிறுவனங்கள் இதை எளிதாக ஏற்கின்றன.

பணிக்கூடத்தையும் காட்சிக்கூடத்தையும் தனித்தனியாக வைத்திருக்க அனுமதிப்பதுதான் இதன் பெரிய பலம். கோப்புகளும் நாட்குறிப்புகளும் ஆசிரியரின் சொந்த இடத்தில் சேர்கின்றன. அவற்றிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துப் பக்கங்களை அமைத்து, பக்கங்களைத் தொகுதிகளாக்கிக்கொள்ளலாம். பார்வை அனுமதி பக்கம் பக்கமாக அமைவதால், ஒரு பக்கத்தை வழிகாட்டிக்கு மட்டும், இன்னொன்றைத் துறைக் குழுவுக்கு, மற்றொன்றை உலகத்துக்கே திறக்கலாம். மஹாராவில் கணக்கே இல்லாத வெளி மதிப்பீட்டாளருக்கு இரகசிய இணைப்பு ஒன்றை அனுப்பினால் போதும். மதிப்பீட்டுக்குச் சமர்ப்பித்த பக்கம் அது விடுவிக்கப்படும் வரை பூட்டப்பட்டிருக்கும். மதிப்பீட்டாளர் பார்த்த வடிவம் எது என்ற சச்சரவுக்கு இடமில்லை. ஸ்மார்ட் எவிடன்ஸ் என்ற வசதி, தொகுப்பேட்டின் பக்கங்களைத் தகுதிச் சட்டகம் ஒன்றின் கூறுகளோடு பொருத்தி, எந்தக் கூறுக்குச் சான்று இன்னும் சேரவில்லை என்பதை அட்டவணையாகவே காட்டுகிறது. ஆசிரியர் குழு ஒன்று முழுவதையும் வளர்த்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு இதைப் போல உதவும் வசதி மற்ற இரண்டிலும் இல்லை.

ஆனால் இவை அனைத்தும் நிறுவனம் ஒன்று சர்வரை நடத்தி, மேம்படுத்தி, பராமரித்தால்தான் கிடைக்கும். தனி ஆசிரியர் ஒருவர் தமக்காக மட்டும் மஹாராவை நிறுவுவது நடைமுறைக்கு ஒவ்வாது. பணியிலிருந்து விலகும்போது தொகுப்பேட்டை லீப்2ஏ என்ற கோப்பு வடிவில் எடுத்துச் செல்லலாம் என்பது உண்மைதான். எனினும் அதை இறக்கிவைக்க இன்னொரு மஹாரா வேண்டுமே! புதிதாகச் சேர்ந்த நிறுவனத்தில் அது இல்லையென்றால் உலாவியில் திறந்து பார்க்கக்கூடிய எச்டிஎம்எல் பிரதி மட்டுமே கையில் மிஞ்சும். அதைப் படிக்கலாம், தொடர்ந்து வளர்க்க முடியாது. கோப்பு, பக்கம், தொகுதி என்ற மூன்று அடுக்குகளைப் புரிந்துகொள்ளப் புதியவர்களுக்குச் சில நாள் பிடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கூகுள் சைட்ஸ்

தொடங்குவதற்கு இதைவிட எளிய கருவி இல்லை. கூகுள் கணக்கு இருக்கும் எவரும் ஒரே மாலையில் தளம் ஒன்றை அமைத்து, டாக்ஸ், ஸ்லைட்ஸ், யூடியூப் காணொளி ஆகியவற்றைப் பதித்துவிடலாம். செலவும் இல்லை, பராமரிப்பும் இல்லை. சமர்ப்பிக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டவருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

காட்சிக்கூடமாக நன்றாக இருக்கும் இது, பணிக்கூடமாகப் பயன்படுவதில்லை. 2016-இல் வந்த புதிய வடிவத்தில் தேதியிட்ட பதிவுகளுக்கான நாட்குறிப்பு வசதியோ, பக்கத்தின் கீழ் கருத்துரையிடும் வசதியோ இல்லை. தன்னாய்வுக் குறிப்புகளை கூகுள் டாக்ஸில் எழுதி, சக ஆசிரியரின் பின்னூட்டத்தையும் அங்கேயே பெற்று, பிறகு தளத்தில் பதிக்க வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், கூகுள் சைட்ஸ் தொகுப்பேடுகளில் உயிருள்ள பகுதி பெரும்பாலும் அந்த டாக்ஸ் கோப்புகளில்தான் இருக்கும். பதித்த கோப்பின் பகிர்வு அனுமதி தளத்தின் அனுமதியிலிருந்து வேறானது என்பதை மறந்துவிட்டால், மதிப்பீட்டாளர் பக்கத்தைத் திறக்கும்போது சான்று இருக்க வேண்டிய இடத்தில் அனுமதி கேட்கும் அறிவிப்புதான் தெரியும். சமர்ப்பிக்கும் முன் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்ப்பது இதற்குப் போதுமான காப்பு.

இதைவிடக் கடுமையான ஆபத்து கணக்கைச் சார்ந்தது. கல்லூரியோ பள்ளியோ தந்த மின்னஞ்சல் கணக்கில் கட்டிய தளம், அந்தக் கணக்கு மூடப்படும் நாளில் கையைவிட்டுப் போகும். ஆகவே முதல் பக்கத்தைத் தொடங்கும்போதே சொந்தக் கணக்கில் தொடங்குவது நல்லது. கூகுள் தன் சேவைகளை மாற்றுவதும் மூடுவதும் புதிதல்ல. பழைய கிளாசிக் சைட்ஸில் தளம் வைத்திருந்தவர்கள் புதிய வடிவத்துக்கு மாறியே தீர வேண்டியிருந்தது.

வேர்ட்பிரஸ்

2003-இல் வலைப்பதிவுக்காக எழுதப்பட்ட வேர்ட்பிரஸ், தொகுப்பேட்டை மனத்தில் வைத்து உருவானதல்ல. இருந்தும், நீண்ட காலப் பணி வளர்ச்சிக்கு மற்ற இரண்டையும்விட இது பொருந்துகிறது என்பது என் கணிப்பு. வலைப்பதிவின் இயல்புதான் அதற்குக் காரணம். பதிவு தானாகவே தேதியுடன் சேர்கிறது. வகுப்பு முடிந்த கையோடு எழுதிய பத்து வரிகளைத் தனிப்பட்ட பதிவாக வைத்திருந்து, மாதங்கள் கழித்து அதை விரிவாக்கிப் பொதுவில் விடலாம். சிமால்ட் போன்ற சட்டகத்தின் பகுதிகளையே வகைப்பெயர்களாக வைத்துக்கொண்டால், அன்றாடக் குறிப்புகள் உரிய தலைப்பின் கீழ் தாமாகவே திரளும். மூன்றாண்டுக்குப் பிறகு தகுதியைப் புதுப்பிக்கும்போது, நினைவிலிருந்து எழுதாமல் பதிவிலிருந்து எழுத முடியும்.

இடமாற்றத்தில் இதன் மேன்மை தெளிவானது. உள்ளடக்கத்தை எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கி, வேர்ட்பிரஸ் இயங்கும் வேறெந்த சர்வரிலும் ஏற்றிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சர்வருக்கு எங்கும் பஞ்சமில்லை. படங்களும் ஆவணங்களும் அந்தக் கோப்பில் அடங்குவதில்லை, அவற்றைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும் என்பது மட்டும் கவனத்தில் இருக்கட்டும். அமெரிக்காவின் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2013-இல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் சொந்த டொமைன் பெயரையும் சர்வர் இடத்தையும் வழங்கத் தொடங்கியது. பல்கலைக்கழகத்தைவிட்டுப் போகிறவர் தம் தளத்தைக் கையோடு கொண்டுபோகலாம் என்பதே அத்திட்டத்தின் உயிர்நாடி.

குறைகளும் சிறியவை அல்ல. வேர்ட்பிரஸ் தளங்களை நடத்தித் தரும் வேர்ட்பிரஸ்.காம் சேவையின் இலவசக் கணக்கில் விளம்பரங்கள் வரும். சொந்த சர்வரில் நிறுவினால் ஆண்டுக் கட்டணமும், பிளகின்கள் என்ற கூடுதல் வசதி நிரல்களை அவ்வப்போது புதுப்பிக்கும் வேலையும் சேரும், புதுப்பிக்காத தளம் ஊடுருவலுக்கு இலக்காகும். பார்வை அனுமதியில் மஹாராவோடு இதை ஒப்பிடவே முடியாது: பொது, தனிப்பட்டது, கடவுச்சொல் கொண்டது என்ற மூன்று நிலைகள்தான். வழிகாட்டிக்கு ஒன்று, குழுவுக்கு ஒன்று என்று பிரிக்க விரும்பினால் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். புதிய பதிவே மேலே வரும் வழக்கமான வரிசை மதிப்பீட்டாளருக்கு உதவாது. அவருக்கென நிலையான பக்கங்களைத் தனியே அமைப்பது தவிர்க்க முடியாதது.

லிங்க்ட்இன் இந்த ஒப்பீட்டில் சேராது. அது அறிமுக அட்டை. பெபிள்பேட் தரமான கருவி என்றாலும், நிறுவனம் விலைகொடுத்து வாங்கினால் பயன்படுத்தலாம், இல்லையென்றால் இல்லை.

எந்தக் கருவியை எடுத்தாலும் இணையவழி ஆசிரியரின் சான்றுகளில் மாணவர்கள் இருப்பார்கள் என்பது தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். விவாதப் பக்கத்தின் திரைப்பிடிப்பில் பெயர், வகுப்புப் பதிவில் முகம், பின்னூட்டக் குறிப்பில் கையெழுத்து என்று ஏதாவது ஒன்று வந்துவிடுகிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோரின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. பெயரையும் முகத்தையும் மறைத்த பிறகே சான்றைச் சேர்ப்பதும், முழு வகுப்புப் பதிவுக்குப் பதிலாக ஆசிரியரின் குரலும் திரையும் மட்டும் தெரியும் சிறு துணுக்கைச் சேர்ப்பதும் பாதுகாப்பானவை. மஹாராவின் நுணுக்கமான அனுமதிகள் இந்த இடத்தில் கூடுதல் காப்பாகின்றன. பொதுவில் விட்ட வேர்ட்பிரஸ் பதிவுக்கு அப்படி எதுவும் இல்லை.

தமிழில் கற்பிப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளை இவற்றில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் பார்க்க முடியும், தேட முடியாது.

நிறுவனத்தில் மஹாரா இருந்து, அங்கே சில ஆண்டுகளாவது நிலைத்திருக்கப் போகிறவர் அதிலேயே எழுதுவது சரி. ஆண்டுக்கு ஒருமுறை எச்டிஎம்எல் பிரதி ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டால் போதும். ஒப்பந்த அடிப்படையில் பல நிறுவனங்களுக்கு இணையவழி வகுப்பெடுப்பவர்களும் மாற்றலாகிக்கொண்டே இருப்பவர்களும் வேர்ட்பிரஸில் தனிப்பட்ட பதிவுகளாக எழுதிவருவதையும், விண்ணப்பம் ஒன்று வரும்போது மட்டும் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து, சொந்தக் கணக்கில் கூகுள் சைட்ஸ் காட்சிக்கூடம் ஒன்றை அமைப்பதையும் பரிந்துரைக்கிறேன். இரட்டை வேலை என்ற ஆட்சேபம் எழலாம். ஆனால் தேர்ந்தெடுத்துக் காட்டும் வேலை எந்தக் கருவியிலும் இருக்கத்தான் செய்கிறது. வேர்ட்பிரஸில் பத்துப் பதிவுகள் சேர்ந்ததும் ஏற்றுமதிக் கோப்பை ஒருமுறை எடுத்து, வேறொரு சோதனைத் தளத்தில் ஏற்றி, தமிழ் எழுத்துகளும் தேதிகளும் வகைப்பெயர்களும் குலையாமல் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே எழுதலாம்.