ரங்கூனுக்குப் போட்ட விளம்பரம் சிங்கப்பூரில் ஓடுகிறது

மௌலமைனில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் எங்கள் அத்தாச்சி போன வாரம் கேட்டார்: "நானும் ஃபேஸ்புக்கில் ஒரு பேஜ் ஆரம்பிக்கவா? விளம்பரத்துக்குக் காசு போட்டால் வியாபாரம் ஏறுமா?" பேஜ் ஆரம்பிக்கும் வேலையை அவர் மகளே அரை மணியில் முடித்துவிடுவாள். ஏறுமா என்பதற்குத்தான் போனில் பதில் சொல்லி மாளவில்லை. பர்மாவில் வீட்டிலிருந்து தொழில் செய்யும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

ரங்கூனில் எங்களுடையது மசாலாப் பொடி. கறி மசாலா, சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, அப்புறம் டம்பௌ மசாலா. நம்ம பிரியாணியைப் பர்மாக்காரர்கள் டம்பௌ என்று தங்கள் சாப்பாடாகவே ஆக்கிக்கொண்டதால் அந்தப் பொடிதான் அதிகம் போகும். மாமனார் காலத்தில் காளி கோயில் பக்கம் இருக்கும் தெய்ஞ்சி சந்தைக்கு மூட்டை மூட்டையாகப் போட்டுவிட்டு வருவோம். அங்கிருந்து யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. 2014-இல் சிம் கார்டு 1500 கியாட்டுக்கு இறங்கியது, ஊரே ஒரேயடியாக ஃபேஸ்புக்கில் ஏறியது. இங்கே ரொம்பப் பேருக்கு இன்டர்நெட் என்றாலே அதுதான். நாங்களும் அந்த அலையில் ஏறியவர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லைவ். காசு செலவில்லாமல் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான். மிளகாய் வறுக்கும்போது போனைச் சன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிடுவேன். நெடி ஏறி நான் தும்மினால் கமெண்டில் பத்துப் பேர் சிரிப்பார்கள். ரங்கூன் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. எழுதிப் போட்ட பதிவை அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அதையே தமிழிலும் பர்மியத்திலும் மாற்றி மாற்றிப் பேசினால் நின்று கேட்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், வாடிக்கையாளர்கள் ஒருவருக்கொருவர் சமையல் சொல்லிக்கொள்வது. சாம்பார்ப் பொடியைப் பருப்புக் குழம்பில் எப்போது போடுவது என்று ஒரு பர்மாப் பெண் கேட்டார். நான் கரண்டியைக் கீழே வைப்பதற்குள் இன்னொரு பர்மாப் பெண், புளித்தண்ணீர் கொதித்த பிறகு என்று சரியாகப் பதில் எழுதியிருந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எந்த விற்பனைக் கணக்கிலும் எழுத முடியாது.

சரி, இப்போது விளம்பரம். என் கோபமெல்லாம் இங்கேதான்.

2021 பிப்ரவரியில் இங்கே ராணுவ ஆட்சியாளர்கள் ஃபேஸ்புக்கைத் தடை செய்தார்கள். அடுத்தடுத்து ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் போயின. ஜனங்கள் விட்டுவிடவில்லை, தடையைச் சுற்றிப் போக வைக்கும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள். கொஞ்சம் பேர் டிக்டாக், டெலிகிராம், வைபர் என்று பிரிந்து போனார்கள். 2024 மே கடைசியில் விபிஎன்களையே முடக்க ஆரம்பித்தார்கள். அந்த மழைக்காலத் தொடக்கத்தில் நாங்கள் பேஜில் ஈ ஓட்டினோம்.

விபிஎன் செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால்தான் விளம்பரத்தின் கதை புரியும். ரங்கூனின் பசுண்டாங் பகுதியில் உட்கார்ந்து ஒருவர் போனைத் திறக்கிறார். விபிஎன் அவரைச் சிங்கப்பூர் வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ சுற்றிக் கொண்டுபோகிறது. எந்தத் தளமாக இருந்தாலும் விளம்பரம் காட்டும் கணினி, ஆள் எங்கே இருக்கிறார் என்று கணிக்க அந்த இணைப்பின் முகவரியையும் பார்க்கிறது. போனின் இருப்பிடம், ப்ரொஃபைலில் எழுதிய ஊர் இதெல்லாம் கணக்கில் வரும் என்றாலும், விபிஎன் இருந்தால் கணிப்பு குழம்பிவிடுகிறது. நான் "ரங்கூனில் இருப்பவர்களுக்கு மட்டும்" என்று குறித்துப் பணம் கட்டினால், என் தெருக்கோடியில் இருப்பவருக்கே அது போய்ச் சேரும் என்ற உறுதி இல்லை. ஊர்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டுப் பர்மிய மொழிக்காரர் எல்லாருக்கும் என்று விரித்தால், சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கெல்லாம் போகிறது. இதயம் இதயமாகப் போடுகிறார்கள். பொடி அனுப்ப வழியில்லை.

இதில் பணக்கணக்கு இன்னும் எரிச்சல். விளம்பரக் கட்டணம் டாலரில். உள்ளூர் அட்டை வைத்துக் கட்டுவது கஷ்டம் என்பதால் பூஸ்ட் போட்டு, அதாவது நமக்காக விளம்பரப் பணம் கட்டித் தருகிறவரிடம் போக வேண்டும். டாலருக்கு இத்தனை கியாட் என்று அன்றைக்கு அவர் சொல்வதுதான் விலை. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் 1300 கியாட் அளவில் இருந்தது. 2024-இல் வெளிச்சந்தையில் 4000-ஐத் தாண்டிவிட்டது. விளம்பரம் அதேதான், செலவு மட்டும் மூன்று மடங்கு. என் பொடியின் விலையை அப்படி ஏற்றினால் யார் வாங்குவார்? இந்தப் பணத்துக்கு எத்தனை வீசை மிளகாய் வாங்கியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் மனசு கணக்குப் போடுகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. அப்படித் தவறிப்போய்ச் சிங்கப்பூரில் விழுந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு பையன் மெசேஜ் அனுப்பினான். அம்மா பசுண்டாங்கில் தனியாக இருக்கிறாராம். "கறி மசாலா ரெண்டு, இட்லிப் பொடி ஒண்ணு கொண்டுபோய்க் கொடுங்க அக்கா, காசு நான் போடறேன். நான் அனுப்புனேன்னு மட்டும் சொல்லுங்க, விலையைச் சொல்லாதீங்க." ரங்கூனில் இருக்கும் அவன் தம்பி மூலம், போனில் பணம் அனுப்பும் கேபே செயலியில் பணம் வந்துவிட்டது. அடுத்த மாதமும் கேட்டான். பிறகு அவன் நண்பர்கள் கேட்டார்கள், அப்புறம் பாங்காக்கில் இருக்கும் ஒரு பெண் கேட்டாள். இன்று எங்களுடைய நிலையான ஆர்டர்களில் நல்ல பங்கு இப்படி வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே இருக்கும் தாய் தகப்பனுக்குச் சொல்வதுதான். அவர்கள் பேரம் பேசுவதில்லை. போன மாத விலையின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிச் சண்டை போடுவதில்லை. பொடி போய்ச் சேர்ந்ததும் அம்மா பொட்டலத்தோடு நிற்கும் ஒரு படம் கேட்பார்கள், அவ்வளவுதான்.

மற்ற தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கட்டியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்கள் உண்டு, நம் கணக்கில் ஏறியதைப் பார்க்காமல் பொட்டலத்தைக் கொடுக்கக் கூடாது. 2019 அக்டோபருக்கு முன் ஜாஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் அடித்துப் போட்ட விலைப்பட்டியல்களை எடுத்துவிடுங்கள், இப்போதைய யூனிகோட் போனில் எழுத்து குழம்பித் தெரியும். மாந்தலே ஆர்டர்களைக் கார் கேட்டில், அதாவது வெளியூர் வண்டிகள் பார்சல் ஏற்றும் இடத்தில் போட்டுவிட்டு, ரசீதைப் படம் எடுத்து அனுப்பினால் பாதிச் சண்டை வராது. பதிவு போடும் நேரத்தை, கரண்ட் முறை வைத்து வருகிற நேரம் பார்த்து வையுங்கள். எங்கள் வட்டாரத்தில் கரண்ட் வந்ததும் முதலில் அரைவை மிஷின், தண்ணீர் மோட்டார், சோற்றுப்பானை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆட்கள் போனை எடுக்கிறார்கள்.

அத்தாச்சிக்கு என் பதில்: பேஜ் வைத்துக்கொள்ளுங்கள், லைவ் போடுங்கள், வாங்குகிறவர்களை ஒரு வைபர் குழுவில் சேருங்கள். விளம்பரத்துக்கு ஒரு கியாட்கூடப் போடாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அந்த விளம்பரத்தால்தானே வந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். உண்மைதான். ஆனாலும் என் தெருவுக்கு என்று பணம் வாங்கிக்கொண்டு வேறு நாட்டில் காட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வந்த பிள்ளைகளை நல்ல பொடி கொடுத்துத் தக்கவைத்துக்கொள்வேன். அவர்கள் வாயால் இன்னும் நாலு பேர் வருவார்கள். தீபாவளிக்குப் பூஸ்ட் போடட்டுமா என்று அந்த ஆள் நேற்றுக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்துக்கு மிளகாயும் மல்லியும் வாங்கச் சந்தைக்கு ஆள் போயிருக்கிறது.